ஆளா, பணமா, ஓய்வு நாட்களா? இங்கிலாந்தில் பெற்றோரைப் பார்ப்பவர்கள் கவுன்சிலிடம் எதைக் கேட்பது

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் கேட்பார்: "அம்மாவுக்கு கேரர் இருக்கிறாங்களா?" ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் நம் வீடுகளில் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "இல்லை, நாங்களே பார்த்துக்கொள்கிறோம்." கேரர் என்றால் சம்பளத்துக்கு வரும் ஆள் என்று நாம் நினைக்கிறோம். கவுன்சில் (உள்ளாட்சி) மொழியில் கேரர் என்பது சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்ளும் மகன், மகள், மருமகள், கணவர், மனைவி. அந்த "இல்லை" ஃபைலில் ஏறிவிட்டால், உங்கள் பெயரில் வர வேண்டிய எதுவும் தொடங்காது. "ஆம், நான்தான் கேரர்" என்று சொல்லுங்கள். ஜிபி சர்ஜரியிலும் அப்படியே பதிந்துவையுங்கள்.

இங்கே சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்தில், கேரருக்கு அரசு வாரந்தோறும் தரும் கேரர்ஸ் அலவன்ஸின் இடத்தில் கேரர் சப்போர்ட் பேமென்ட் வந்துவிட்டது. வேல்ஸுக்குத் தனிச் சட்டம். தொகைகள் எல்லாம் 2025 ஏப்ரலிலிருந்து 2026 ஏப்ரல் வரைக்கானவை. பெரும்பாலானவை ஒவ்வொரு ஏப்ரலிலும் மாறும்; விண்ணப்பிக்கும் முன் இன்றைய தொகையைப் பாருங்கள்.

இங்கிலாந்தின் 2014 கேர் சட்டப்படி இரண்டு மதிப்பீடுகள் உண்டு. ஒன்று அம்மாவின் தேவைகளைப் பற்றியது, மற்றது உங்களைப் பற்றியது. அம்மா "எனக்கு யாரும் வேண்டாம்" என்று தன் மதிப்பீட்டை மறுத்தாலும், உங்கள் மதிப்பீட்டைக் கவுன்சில் மறுக்க முடியாது. எத்தனை மணி நேரம் பார்க்கிறீர்கள் என்ற குறைந்தபட்சமும் இல்லை. முடிவில் கவுன்சில் உதவ ஒப்புக்கொண்டால் மூன்று வழிகள் உங்கள் முன்னால் இருக்கும்: ஏஜென்சி ஆளை அவர்களே அனுப்புவது, அந்தச் செலவை டைரக்ட் பேமென்டாக வாங்கி நீங்களே ஆள் வைப்பது, அல்லது அம்மாவை அவ்வப்போது வேறிடத்தில் விட்டு நீங்கள் ஓய்வெடுப்பது. மூன்றில் எது நல்லது என்று கேட்பவர்களுக்கு நம் பதில்: முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். உங்களை முறிப்பது எந்த மணி நேரம் என்று தெரியாமல் தேர்வு செய்தால் எதுவும் பொருந்தாது.

அதற்கு முன் அலவன்ஸ்

வரிசை முக்கியம். முதலில் அம்மாவின் பெயரில் அட்டென்டன்ஸ் அலவன்ஸ். அரச பென்ஷன் வயதைத் தாண்டி, குறைந்தது 6 மாதமாக உதவி தேவைப்படுகிறவர்களுக்கு இது கிடைக்கும். சேமிப்பு, வருமானம் எதையும் பார்ப்பதில்லை. பகலிலோ இரவிலோ மட்டும் உதவி வேண்டுமென்றால் வாரம் 73.90 பவுண்டு, இரண்டிலும் என்றால் 110.40. படிவத்தைத் தொலைபேசியில் கேட்டு வாங்குங்கள். 6 வாரத்துக்குள் திருப்பி அனுப்பினால், கேட்ட நாளிலிருந்தே கணக்கு. இணையத்தில் இறக்கி நிரப்பினால் அது அவர்கள் கையில் சேர்ந்த நாளிலிருந்துதான். பின்தேதியிட்டுத் தரமாட்டார்கள்.

இந்தப் படிவம் தோற்பது பெரும்பாலும் ஒரே காரணத்தால். "சமைக்கிறோம், துணி துவைக்கிறோம், கடைக்குப் போகிறோம்" என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். வீட்டுவேலை இதில் கணக்கில்லை. எழுவது, கழுவுவது, உடுத்துவது, கழிப்பறை, மாத்திரை, விழாமல் பார்ப்பது, இரவில் எழுந்து திரிவதைத் தடுப்பது ஆகியவைதான் கணக்கு. "சில நேரம் உதவி தேவை" என்று எழுதாதீர்கள். "இரவு 2 முறை, ஒவ்வொரு முறையும் 15 நிமிடம், கையைப் பிடித்துக் கழிப்பறைக்கு" என்று எழுதுங்கள். மறுத்தால் ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். அதற்குப் பிறகு டிரிபியூனல்.

இது கிடைத்த பிறகே கேரர்ஸ் அலவன்ஸ். வாரம் 83.30 பவுண்டு. நீங்கள் வாரத்தில் 35 மணி நேரமாவது பார்த்துக்கொள்ள வேண்டும். உறவுமுறை பொருட்டல்ல, ஒரே வீட்டில் இருக்க வேண்டியதும் இல்லை. மருமகளும் கேட்கலாம். 1976-இல் இந்த அலவன்ஸ் தொடங்கியபோது திருமணமான பெண்களுக்குக் கிடையாது. அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்பது அன்றைய கணக்கு. தாயைப் பார்ப்பதற்காக வேலையை விட்ட ஜாக்குலின் டிரேக் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய் 1986-இல் அதை மாற்ற வைத்தார். சட்டம் மாறி நாற்பது வருடமாகியும் நம் வீடுகளில் அந்தக் கணக்கு முழுதாக மாறவில்லை என்பதை இங்கே சொல்லாமல் போக முடியவில்லை.

இதிலுள்ள பெரிய பொறி சம்பள வரம்பு. வரி, நேஷனல் இன்ஷூரன்ஸ், உங்கள் பென்ஷன் பங்கில் பாதி ஆகியவற்றைக் கழித்தபின் வாரம் 196 பவுண்டுக்கு மேல் போகக்கூடாது. 196 என்றால் முழு அலவன்ஸ். 197 என்றால் அந்த வாரத்துக்குச் சுழி. படிப்படியாகக் குறைவதில்லை. கிறிஸ்துமஸ் ஓவர்டைம், போனஸ், எடுக்காத லீவுக்கான காசு எல்லாம் தள்ளிவிடும். தெரியாமல் மாதக்கணக்கில் வாங்கிவிட்டு ஆயிரக்கணக்கில் திருப்பிக் கட்டச் சொன்ன சம்பவங்கள் பெருகியதால்தான் அரசாங்கம் லிஸ் சேஸ் தலைமையில் தனி ஆய்வு வைத்தது. சம்பளம் கூடினால் அன்றைக்கே தெரிவியுங்கள், தெரிவித்ததற்குச் சான்று வையுங்கள். நீங்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் அம்மாவைப் பார்க்க நெருங்கிய உறவல்லாத ஒருவருக்குக் காசு கொடுத்தால், சம்பளத்தில் பாதிவரை அதைக் கழித்துக் காட்டலாம். பலருக்கு இது தெரியாது.

குறைந்த வருமானத்துக்கான யூனிவர்சல் கிரெடிட் உதவி வாங்கும் வீட்டுக்குக் கணக்கு வேறு. அங்கே கேரர்ஸ் அலவன்ஸ் வாங்கினால் அதே தொகை கிரெடிட்டிலிருந்து போய்விடும். லாபம் தருவது மாதம் 201.68 பவுண்டு கேரர் எலமென்ட். அதற்குக் கேரர்ஸ் அலவன்ஸ் கேட்டிருக்க வேண்டியதில்லை. 196 வரம்பும் இல்லை. அரச பென்ஷன் வாங்கும் அப்பா அம்மாவைப் பார்க்கிறார் என்றால், இரண்டையும் சேர்த்துத் தரமாட்டார்கள் என்றாலும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். "தகுதி உண்டு, ஆனால் பணம் இல்லை" என்ற அந்தக் கடிதத்தை வைத்து, குறைந்த வருமான முதியவர்களுக்கான பென்ஷன் கிரெடிட்டில் வாரம் 46.40 வரை கூடும்.

விண்ணப்பிக்கக் கூடாத நேரமும் உண்டு. அம்மா தனியாக வசித்து, பென்ஷன் கிரெடிட்டில் கடும் இயலாமைக்கான வாரம் 82.90 கூடுதல் வாங்குகிறார் என்றால், நீங்கள் கேரர்ஸ் அலவன்ஸ் எடுத்த கணமே அது நிற்கும். உங்களுக்கு 83.30 வர அவருக்கு 82.90 போகும். அதோடு உங்கள் தொகைக்கு வரியும் உண்டு.

வேலையை விடுவதா என்ற கேள்விக்கு நம் கருத்து: 83.30-ஐ நம்பி விடாதீர்கள். மதிப்பீடு முடியும்வரை வேலை நேரத்தைக் குறையுங்கள். 2024 ஏப்ரல் 6 முதல், வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே வருடத்துக்கு ஒரு வாரம் சம்பளமில்லாத கேரர் லீவு உரிமை. அரை நாளாகவும் எடுக்கலாம்.

விசாவில் "நோ ரிகோர்ஸ்" (அரசு நிதி பெறக்கூடாது) என்று இருப்பவர்களுக்கு இந்த அலவன்ஸ்கள் குடிவரவு விதியில் அரசு நிதி. ஸ்பான்சரில் வந்த பெற்றோருக்குத் தனி விதிவிலக்குகள் உண்டு. அண்மைக்காலமாக நாட்டில் இருந்த காலத்தையும் பார்ப்பார்கள். ஆகவே ஆலோசகரைக் கேட்காமல் படிவம் போடாதீர்கள். கவுன்சிலின் கேரர் மதிப்பீடு அந்த நிதிப் பட்டியலில் இல்லை. அதைக் கேட்பதில் பயமில்லை.

மதிப்பீட்டு நாள்

சோஷல் வேர்க்கர் வருகிறார் என்றால் அம்மாவைக் குளிப்பாட்டி, நல்ல சேலை கட்டி, பொட்டு வைத்து, முன்னறையில் உட்கார வைப்பது நம் வழக்கம். அம்மாவும் "எல்லாம் நானே செய்கிறேன், பிள்ளை தங்கம்" என்பார். வந்தவர் அதை எழுதிக்கொண்டு போவார். முன்தினமே கவுன்சிலிடம் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். நீங்களே மொழிபெயர்த்தால், அம்மா முன்னால் சொல்லக் கூசுவதெல்லாம் விட்டுப்போகும். உங்கள் மதிப்பீட்டை வேறு நாளில், அம்மா இல்லாத அறையில் வைக்கச் சொல்லுங்கள்.

இரண்டு வாரக் குறிப்பேடு ஒன்று வையுங்கள். இப்படி இருந்தால் போதும்:

இரவு 11.20: மாத்திரை, பேட் மாற்றம், 20 நிமிடம். 1.40: கழிப்பறை, 15 நிமிடம். 3.05: கட்டிலிலிருந்து இறங்கிக் கதவைத் திறக்க முயன்றார், 40 நிமிடம் தூங்கவில்லை. 5.30: படுக்கை ஈரம், விரிப்பு மாற்றி உடம்பு கழுவியது, 35 நிமிடம். 7.15: வேலைக்குப் பஸ்.

சட்டம் கேட்கும் சொற்கள் இரண்டு: உங்களால் முடியுமா, விருப்பமா. இரண்டாவதை நாம் கேள்வியாகவே எடுப்பதில்லை. அம்மாவின் உடம்பைக் கழுவ மகனுக்குக் கூச்சம், மாமனாரின் பேட் மாற்ற மருமகளுக்குச் சங்கடம். "இந்த வேலையைச் செய்ய எனக்கு விருப்பமில்லை, மற்றவற்றைச் செய்கிறேன்" என்று சொல்வது சட்டப்படி சரி. அதை எழுத்தில் பதியச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அந்த வேலையைக் கேரர் செய்கிறார் என்று கழித்துவிட்டுத்தான் அம்மாவின் திட்டத்துக்கு மணி நேரம் ஒதுக்குவார்கள்.

கட்டணத்துக்கு அம்மாவின் பணத்தை மட்டுமே பார்ப்பார்கள். மகனின் சம்பளப் பட்டியலைக் கொடுக்க வேண்டியதில்லை. 23,250 பவுண்டுக்கு மேல் சேமிப்பு இருந்தால் முழுச் செலவும் அம்மாவுடையது. 14,250-க்குக் கீழே சேமிப்பைக் கணக்கெடுப்பதில்லை. இடையில் ஒவ்வொரு 250-க்கும் வாரம் 1 பவுண்டு வருமானம் போலச் சேரும். வீட்டில் வைத்துப் பார்க்கும்வரை அவர் வசிக்கும் வீடு கணக்கில் வராது. ஆனால் ஊரில் அவர் பெயரில் இருக்கும் இன்னொரு வீடு, காணி, வங்கி டெபாசிட் எல்லாம் வரும். மதிப்பீட்டுக்கு முன் அவசரமாகப் பிள்ளைகள் பெயருக்கு எழுதினால், கட்டணத்தைத் தவிர்க்கக் கொடுத்தது என்று பிடித்து, இன்னும் கையில் இருப்பதுபோலவே கணக்கிடுவார்கள். அட்டென்டன்ஸ் அலவன்ஸையும் வருமானமாகச் சேர்ப்பார்கள். ஆகவே உடல்நிலையால் கூடும் செலவுகளைக் கழிக்கச் சொல்லுங்கள்: கூடுதல் ஹீட்டிங், தினமும் ஓடும் வாஷிங் மெஷின், சொந்தக் காசில் வாங்கும் பேட். ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள்.

ஏஜென்சி ஆள்

எந்தத் தலைவலியும் இல்லாமல் தொடங்குவது இதுதான். ஆள் தேடுவது, சம்பளம், லீவு எல்லாம் ஏஜென்சியின் பொறுப்பு. ஏஜென்சி, பராமரிப்புத் தரத்தைக் கண்காணிக்கும் சிக்யூசியில் பதிவானது. ஒருவர் வராவிட்டால் இன்னொருவரை அனுப்ப வேண்டும். அம்மாவைத் தூக்க ஹாயிஸ்ட் (தூக்கும் இயந்திரம்) வேண்டுமென்றால், இரண்டு பேர் சேர்ந்து வர வேண்டுமென்றால், இதை விட்டு வேறு போகாதீர்கள்.

குறை நேரத்தில். ஒரு ஆள் காலையில் வீடு வீடாகச் சுற்றுகிறார். முதல் வீட்டில் பத்து நிமிடம் பிந்தினால் ஐந்தாவது வீட்டுக்கு முக்கால் மணி நேரம் பிந்தும். எட்டு மணி என்று எழுதிய விசிட் ஒன்பதரைக்கு வரும்; நீங்கள் எட்டேகாலுக்குக் கிளம்ப வேண்டும். இன்சுலினோ பார்கின்சன் மாத்திரையோ இருந்தால் "நேரம் தவறக்கூடாத விசிட்" என்று திட்டத்திலேயே எழுதவையுங்கள். மற்ற யாருக்கும் சரியான நேரத்தை எதிர்பார்க்காதீர்கள்.

அரை மணி நேரத்தில் என்ன நடக்கும் என்று பாருங்கள். வாசலில் இருக்கும் சாவிப் பெட்டியில் (கீசேஃப்) சாவி எடுத்து, ஃபோனில் பதிவுசெய்து, கையுறை போட 3 நிமிடம். எழுப்பி கழிப்பறைக்கு 6. உடம்பு துடைத்து, பேட், உடுப்பு 12. மாத்திரை 2. குறிப்பு எழுத 3. சாப்பாட்டுக்கு மிச்சம் 4 நிமிடம். அதில் இட்லி அவிக்க முடியாது. பெயர் ஒட்டிய டப்பாவை மைக்ரோவேவில் வைத்து எடுக்க முடியும். ஆகவே "இரண்டு இட்லி, சாம்பார், 90 செகண்ட்" என்று டப்பா மூடியில் ஆங்கிலத்தில் எழுதி ஒட்டுங்கள். மாத்திரையை நீங்கள் வாரப் பெட்டியில் பிரித்து வைத்தால் பெரும்பாலான ஏஜென்சி ஆட்கள் தொடமாட்டார்கள். ஃபார்மசியின் லேபிளோடு வேண்டும், கொடுத்ததைப் பதியும் தாளும் வேண்டும். பெண் ஆள்தான் வேண்டும், காலையில் குளித்த பிறகே சாப்பிடுவார், மாட்டிறைச்சி தொட்ட பாத்திரம் கூடாது என்பன போன்றவற்றைத் திட்டத்தில் ஏற்றுங்கள். வருபவரிடம் வாயால் சொன்னால் அடுத்த வாரம் வரும் புதிய ஆளுக்கு அது தெரியாது.

மொழி இன்னொரு குறை. டிமென்ஷியா கூடும்போது பலருக்குப் பின்னால் கற்ற ஆங்கிலம் முதலில் போகும், தமிழ்தான் மிஞ்சும். அந்தக் கட்டத்தில் "ஓப்பன் யுவர் மவுத்" என்பவரை அம்மா அடிக்கக்கூடும். அதை முரட்டுத்தனம் என்று எழுதிவிட்டுப் போவார்கள்.

டைரக்ட் பேமென்ட்

தமிழ் பேசும் ஆள், மூன்று மணி நேரம் தொடர்ந்து இருப்பவர், கோயிலுக்குக் கூட்டிப் போகிறவர் வேண்டுமென்றால் இந்த வழிதான். கவுன்சில் தன் கணக்கில் ஒதுக்கிய தொகையை ஒரு தனி வங்கிக் கணக்கில் போடும். நீங்கள் ஆள் வைக்கலாம், விரும்பிய ஏஜென்சியிடமும் வாங்கலாம். அம்மாவுக்கு முடிவெடுக்கும் திறன் போய்விட்டால், அவருக்காக அதை நடத்தத் தகுந்த ஒருவராக உங்களைக் கவுன்சில் ஏற்க வேண்டும்.

முதல் தவறான நம்பிக்கை: "அந்தக் காசை நானே எடுத்துக்கொள்ளலாம்." ஒரே வீட்டில் வசிக்கும் நெருங்கிய உறவினருக்கு இதிலிருந்து சம்பளம் கொடுக்க, வேறு வழியில்லை என்று கவுன்சில் ஒப்புக்கொண்டால் ஒழிய, முடியாது. வேறு வீட்டில் வசிக்கும் சித்தியையோ மச்சாளையோ வைக்கலாம்.

இரண்டாவது, ஆளை "செல்ஃப் எம்ப்ளாய்ட்" என்று எழுதிக் கைகழுவுவது. நேரத்தையும் வேலையையும் நீங்கள் நிர்ணயித்தால் அவர் உங்கள் ஊழியர்தான், தாளில் என்ன எழுதினாலும். பிறகு வரித்துறையான எச்எம்ஆர்சி வரியை உங்களிடம் கேட்கும். நீங்கள் முதலாளி என்றால் வேலை செய்யும் உரிமைச் சோதனை, டிபிஎஸ் (குற்றப் பின்னணிச் சோதனை), ஊழியர் விபத்துக் காப்பீடு, பேஸ்லிப், வருடம் 5.6 வாரச் சம்பளத்தோடு லீவு, சட்டப்படியான நோய்க்காலச் சம்பளம் எல்லாம் சேர்ந்து வரும். சம்பளக் கணக்கு பார்க்கும் பேரோல் கம்பெனி ஒன்றுக்குக் கொடுத்துவிடுங்கள். அந்தச் செலவையும் காப்பீட்டையும் ஒதுக்கீட்டில் சேர்க்கக் கவுன்சிலிடம் ஆரம்பத்திலேயே கேளுங்கள்.

மணிக்கணக்கு இப்படி. உதாரணத்துக்கு வாரம் 10 மணி நேரத்துக்கு, மணிக்கு 17 பவுண்டு என்று கவுன்சில் தருகிறது என்று வையுங்கள்: வருடம் 8,840. ஆளுக்கு மணிக்கு 13.50 கொடுத்தால் (சட்டக் குறைந்தபட்சம் 12.21) சம்பளம் 7,020. அவர் லீவில் இருக்கும் 5.6 வாரத்துக்குப் பதில் ஆளுக்கு 756. மிச்சம் 1,064. காப்பீடு, பேரோல், நோய்க்கால ஆள் எல்லாம் அதற்குள். சம்பளம் 5,000-ஐத் தாண்டுவதால் முதலாளியின் நேஷனல் இன்ஷூரன்ஸ் 303 பவுண்டு வரும். பராமரிப்பு ஆள் வைக்கும் வீட்டுக்காரர் எம்ப்ளாய்மென்ட் அலவன்ஸ் என்ற கழிவைக் கேட்கலாம், கேட்டால் அது சுழியாகும். மணிக்கு 17-ஐ முழுவதும் சம்பளமாகக் கொடுத்துவிட்டு டிசம்பரில் லீவுக் காசுக்குத் தடுமாறுவதுதான் வழக்கமாக நடப்பது.

அவர் நோயாகிவிட்டால் அன்று காலை யார்? பதில் இல்லாமல் இந்த வழிக்குப் போகாதீர்கள். செலவாகாத காசு கணக்கில் குவிந்தாலும் கவுன்சில் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஆள் கிடைக்காததால் குவிந்தது என்றால் அதை எழுத்தில் சொல்லி, ஓய்வு வாரத்துக்குச் செலவிட அனுமதி கேளுங்கள்.

ஓய்வு

மேலே எழுதிய குறிப்பேட்டில் உங்களை முறிப்பது இரவு என்றால், பகலில் வரும் எந்த ஆளும் அதைத் தீர்க்கமாட்டார். இரவுத் தூக்கம் வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் டே சென்டர் அம்மாவைப் பகலில் விழித்திருக்க வைப்பதால் இரவைக் கொஞ்சம் சரிசெய்யும். அது போதாவிட்டால் ஆறு, எட்டு வாரத்துக்கு ஒருமுறை கேர் ஹோமில் ஒரு வாரம். திட்டத்தில் "வருடம் இத்தனை இரவு" என்று எண்ணிக்கையாக எழுதவையுங்கள். "தேவைப்பட்டால்" என்று எழுதினால் தேவைப்படும்போது இடம் இருக்காது.

ஓய்வு உங்களுக்கு என்றாலும், சேவை அம்மாவுக்குச் செய்வதாகக் கருதி அவரிடமே கட்டணம் கேட்பார்கள். கவுன்சில் காசில் கேர் ஹோமில் 28 நாள் ஆனதும் அட்டென்டன்ஸ் அலவன்ஸ் நிற்கும். அது நின்றால் உங்கள் கேரர்ஸ் அலவன்ஸும் நிற்கும். இரண்டு தங்கல்களுக்கு நடுவே 28 நாளுக்கு மேல் வீட்டில் இல்லாவிட்டால் இரண்டையும் கூட்டிக் கணக்கிடுவார்கள். கேரர்ஸ் அலவன்ஸுக்கு 26 வாரத்தில் 4 வாரம் இடைவெளி அனுமதி. ஊருக்குப் போய்வர நினைப்பவர்கள் டிக்கெட் போடும் முன் இதை எண்ணிக்கொள்ளுங்கள்.

முதல்முறை ஏழு இரவு விடாதீர்கள். இரண்டு இரவு விட்டுப் பாருங்கள். தலையணை, விபூதி டப்பா, "தண்ணி", "வலி", "பாத்ரூம்" என்று தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதிய ஒரு தாள், இவை மூன்றும் பையில் போகட்டும்.

எதை எடுப்பது

ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஒதுக்கீட்டில் ஒரு பகுதியை ஏஜென்சியாகவும் மிச்சத்தைப் பணமாகவும் கேட்கலாம். பல வீடுகளுக்கு அதுதான் ஒத்துவரும்: காலையில் கழுவி உடுத்த ஏஜென்சி, மாலையில் மூன்று மணி நேரம் தமிழ் பேசும் ஆள், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சில இரவுகள் வெளியே. ஆஸ்பத்திரியிலிருந்து இப்போதுதான் வந்தவர் என்றால் எதையும் முடிவு செய்யாதீர்கள். முதலில் ரீஏபிள்மென்ட், அதாவது தானாக இயங்கப் பழக்கும் குறுகியகால உதவி, கேளுங்கள். 6 வாரம் வரை இலவசம். அதில் அம்மா தானாக எழுந்து நடக்கத் தொடங்கினால் உங்கள் கணக்கு முழுவதும் மாறும்.

முடிவு தவறாகிவிட்டால் வருடாந்தர மறுஆய்வு வரும்வரை காத்திருக்க வேண்டாம். நிலைமை மாறியது என்று ஒரு ஈமெயில் போட்டு மறுஆய்வு கேளுங்கள், கடைசி இரண்டு வாரக் குறிப்பேட்டையும் அதோடு இணையுங்கள். கவுன்சிலில் முறைப்படி புகார் செய்தும் தீராவிட்டால் உள்ளாட்சி, சமூகப் பராமரிப்பு ஆம்புட்ஸ்மனிடம் (சுயேச்சையாகப் புகார் விசாரிப்பவர்) போகலாம். அங்கே கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. எந்தத் தேதியில் யாரிடம் என்ன கேட்டீர்கள் என்ற தாள் மட்டும் வேண்டும்.